நிலம் விற்றவரும் நிலம் வாங்கியவர்களும்

கேட்டு வந்தவரிடம் கைவிரிக்கும் பழக்கம் நாஞ்சில் நாட்டுக்கு என்றுமே இருந்ததில்லை. அம்மன் கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது தன் பெயருக்கு நேரே தொகை விழாமல் போவதை இங்கே எந்தக் குடும்பமும் மானக்கேடாகவே கருதி வந்திருக்கிறது. தென் திருவிதாங்கூரின் சிற்றூர்த் தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பல, உலையில் அரிசி இடும் முன் வீட்டுப் பெண்கள் ஒதுக்கி வைத்த பிடியரிசியில் எழுந்தவை. அறுப்புப் பண்டிகையில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் பலமுறை தாண்டி ஏலம் போவதும், எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்குத் தருவதும் இன்றும் நடக்கின்றன. கடற்கரை ஊர்களில் பிடிபட்ட மீனில் கோயிலுக்கென்று ஒரு பங்கு தனியே பிரியும். 1934 ஜனவரியில் காந்தி இவ்வழியே வந்தபோது அரிஜன நிதிக்கு இந்த ஊர்களும் கொடுத்தன. 1970 செப்டம்பரில் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்காக ஏக்நாத் ரானடே நாடு முழுவதும் சாமானியரிடம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று திரட்டிய பணம் வந்து கல்லாக நின்றதும் நம் கடல்முனையில்தான். இப்படிக் கேட்டும் கொடுத்தும் கட்டியவற்றின் நெடிய வரிசையில் கோயில் உண்டு, பள்ளி உண்டு, வாசகசாலை உண்டு, மண்டபம் உண்டு. பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு துண்டு நிலம் மட்டும் அந்த வரிசையில் அரிதாகவே தென்படுகிறது. ஏன் இப்படி ஆயிற்று என்பதை விளங்கிக்கொள்ள, கொஞ்சம் விலகி நின்று, வேறொரு நாட்டின் பழைய திரைப்படங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டன் நாம் கதைகளில் கேட்ட பிரிட்டன் அல்ல. வென்ற நாடுதான், ஆனால் வயிறு நிறையாத நாடு. உணவுப் பங்கீடு 1954 வரை தொடர்ந்தது. லண்டனிலும் பிற தொழில் நகரங்களிலும் குண்டு விழுந்த மனைகள் இடிபாடாகவே கிடந்தன. அந்தச் செங்கல் குவியல்களின் மேல்தான் பிள்ளைகள் ஆடினார்கள். மக்களுக்கு மலிவாகக் கிடைத்த ஒரே ஆறுதல் சினிமா. 1946ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டிஷ் திரையரங்குகளில் 163 கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றன. ஒரு நாடே வாரந்தோறும் ஒரே இருட்டில் ஒன்றாக அமர்ந்திருந்த காலம் அது. அந்த இருட்டில்தான், செய்திப்படத்துக்கும் முழுநீளப் படத்துக்கும் இடையே, சில நிமிடங்கள் மட்டும் ஓடும் வேண்டுகோள் படங்கள் வந்தன. தெருவில் வண்டிகளுக்கு நடுவே பந்தை உதைக்கும் சிறுவர்கள், பூட்டிய கதவு, புகைக்கூண்டுகள். அடுத்த காட்சியில் புல்வெளி, வெள்ளைக் கோடு, கைதட்டல். பிறகு எல்லாரும் அறிந்த ஒரு நடிகரோ விளையாட்டு வீரரோ நேரே நம்மைப் பார்த்து, இந்தப் பிள்ளைகளுக்கு உங்களால் இயன்றதைத் தாருங்கள் என்பார். விளக்குகள் எரியும். பணிப்பெண்கள் உண்டியல் டப்பாக்களை வரிசை வரிசையாக நீட்டுவார்கள். சில்லறை விழும். மறுபடி இருட்டு.

இன்று அவற்றைப் பார்ப்பவர் முதலில் புன்னகைப்பார். குரலில் பழைய பள்ளி ஆசிரியரின் கண்டிப்பு. சிறுவர்களின் மகிழ்ச்சியில் ஒத்திகையின் சாயல். திடல் கிடைத்துவிட்டால் திருட்டும் சோம்பலும் ஊரை விட்டுப் போய்விடும் என்று அவை நம்பிய விதம் நமக்கு வெகுளித்தனமாகப் படும். ஆனால் அந்தப் படங்களின் பின்னால் வெகுளித்தனம் இல்லாத ஓர் அமைப்பு இருந்தது. முதல் உலகப் போரில் படை நடத்திய ரெஜினால்ட் கென்டிஷ் என்ற தளபதியின் முயற்சியால் 1925இல் தொடங்கிய தேசிய விளையாட்டுத் திடல்கள் சங்கம் அது. 1932இல் அரச சாசனம் பெற்றது. 1940களின் இறுதியில் எடின்பரோ கோமகன் பிலிப் அதன் தலைமையை ஏற்று, 2013 வரை, அறுபதாண்டுகளுக்கு மேல், அதற்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1951இல் லண்டனில் அச்சங்கத்துக்காக நடந்த நள்ளிரவுக் கலைநிகழ்ச்சியில் அமெரிக்காவின் ஃபிராங்க் சினாட்ரா வந்து பாடினார். சட்டமும் இந்த மனப்போக்குக்குத் துணை நின்றது: ஞாயிற்றுக்கிழமை படம் காட்ட அனுமதித்த 1932ஆம் ஆண்டுச் சட்டம், அன்றைய வருவாயில் ஒரு பகுதி அறப்பணிக்குப் போக வேண்டும் என்று வகுத்திருந்தது. கேளிக்கைக்கு வந்தவன் தர்மத்துக்கும் கொஞ்சம் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது கொடைவிழா கண்ட நமக்குப் புரியாத நியாயமல்ல.

சங்கம் ஓர் அளவுகோலையும் வைத்தது. ஆயிரம் மக்களுக்கு ஆறு ஏக்கர் திறந்தவெளி. அதைவிட முக்கியமாக, கிடைத்த நிலத்தை அது எப்படிக் கட்டி வைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1936இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இறந்தபோது, அவருக்குச் சிலை வைப்பதைக் காட்டிலும் நாடெங்கும் அவர் பெயரில் திடல்கள் வாங்கலாம் என்று முடிவாயிற்று. நிதி திரண்டது; அதை நடத்த ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. ஒவ்வொரு திடலும் அறக்கட்டளைப் பத்திரத்தால் பூட்டப்பட்டது: இது விளையாட்டுக்கு மட்டுமே, வேறெதற்கும் அல்ல. வாசல் தூண்களில் ஒருபுறம் சிங்கம், மறுபுறம் ஒற்றைக்கொம்புக் குதிரை. 1965இல் அந்த அறக்கட்டளை தன் பொறுப்பைச் சங்கத்திடம் ஒப்படைத்தபோது அப்படிப்பட்ட திடல்கள் 471. மன்னர்மீது நமக்குப் பற்று ஒன்றும் இல்லை. அவர் பெயரால் நம்மை ஆண்டவர்கள் இங்கே வைத்துப் போனவை சிலைகள், அங்கே வைத்துக்கொண்டவை திடல்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

இனி குமரிமுனைக்கு அருகிலுள்ள அகஸ்தீஸ்வரத்துக்கு வருவோம். உடற்கலையைத் திரைப்படத்தின் மூலம் மக்களிடம் கொண்டுபோகலாம் என்ற எண்ணம், பிரிட்டனின் அந்தப் போருக்குப் பிந்தைய படங்களுக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் முன்பே, இந்த ஊர்க்காரர் ஒருவருக்கு வந்திருக்கிறது. 1900இல் இங்கே வசதியான குடும்பத்தில் பிறந்த ஜே. சி. டேனியல் அவர். அடிமுறையும் சிலம்பமும் வர்மமும் ஆசான்களின் முற்றங்களில் உயிரோடிருந்த வட்டாரம் இது. சிறுவயதிலேயே வாட்போரில் மனம் பறிகொடுத்த டேனியல் 1915இல், பதினைந்து வயதில், அக்கலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். களரிப்பயிற்று என்ற செல்வம் தன் கண் முன்னே கவனிப்பாரற்றுப் போகிறது. அதை ஊர் ஊராகச் சென்று ஆடிக் காட்டினால் எத்தனை பேர் பார்ப்பார்கள்? சினிமாவில் காட்டினால் நாடே பார்க்கும். இந்தக் கணக்கோடுதான் அவர் சென்னைக்கும் பிறகு பம்பாய்க்கும் போய்த் தொழில் கற்க முயன்றார். திரும்பி வந்து, தனக்குரிய நிலத்தை விற்று, 1926இல் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். களரியைப் பற்றி எடுக்க நினைத்தவர் எடுத்து முடித்தது ‘விகதகுமாரன்’ என்ற சமூகக் கதை. மலையாளத்தின் முதல் படம் என்று வரலாறு இன்று போற்றுவது அதைத்தான். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, நாயக வேடம் எல்லாம் அவரே.

அதன்பின் நடந்தது பலருக்கும் தெரிந்த துயரம். நாயகியாக நடித்த பி. கே. ரோசி தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். திரையில் அவர் நாயர் பெண்ணாகத் தோன்றியதைப் பொறுக்காத கூட்டம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் கலகம் செய்தது. ரோசி ஊரை விட்டே ஓட நேர்ந்தது. படம் பணத்தை மீட்டுத் தரவில்லை. கருவிகளையும் விற்றுக் கடனடைத்த டேனியல் பிறகு பல் மருத்துவராகப் பிழைத்து, கடைசிக் காலத்தில் அகஸ்தீஸ்வரத்துக்கே திரும்பி, 1975இல் காலமானார். அவர் தமிழ்நாட்டவர் என்ற காரணத்தைக் காட்டிக் கேரளம் உதவித்தொகை மறுத்ததும், பின்னாளில் 1992இல் தன் உயரிய திரைப்பட விருதுக்கு அவர் பெயரையே சூட்டியதும் எல்லைகள் ஆடும் விளையாட்டு. அவர் எடுத்த படத்தின் சுருள் இன்று இல்லை.

அங்கே படம் காட்டி நிலம் வாங்கினார்கள். இங்கே நிலத்தை விற்றுப் படம் எடுத்தார் ஒருவர். டேனியலுக்குப் பின்னால் சங்கம் இல்லை, சாசனம் இல்லை, உண்டியல் டப்பாவும் இல்லை. கொடைக்கு வரி கொடுத்த அதே ஊர்கள், உடற்கலையும் ஒரு பொதுச்சொத்து, அதற்கும் கூடிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கும் நிலையில் அப்போது இல்லை. ஆசானுக்குத் தட்சணை கொடுப்பது சீடனின் கடன். அது ஊரின் கடன் ஆகவில்லை. தனியொருவரின் தாராளத்தை நம்பி வாழும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரோடியது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைக் கொடைக்காகவே இன்றும் நினைக்கிறோம். தன் சொந்தப் பணத்தில் நாகர்கோவிலில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பியவர் அவர். கொடுத்துக் கொடுத்தே கரைந்தார் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமையில், அவரோடு சேர்ந்து கொடுக்க யாருமில்லாத வறுமையும் ஒளிந்திருக்கிறது.

விடுதலைக்குப் பின் காட்சி பெரிதானது, கணக்கு மாறவில்லை. 1948இல் லண்டனில், அதே பங்கீட்டுக் காலத்து ஒலிம்பிக்கில், நம் கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி 2-1 என்று தோற்றார்கள். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அதே ஆண்டில்தான் டில்லி அரசு பிலிம்ஸ் டிவிஷனைத் தொடங்கியது. ஒவ்வொரு தியேட்டரும் அதன் செய்திப்படத்தையும் ஆவணப்படத்தையும் கட்டாயம் காட்ட வேண்டும் என்று உரிமம் சொன்னது. அணை, ஆலை, அணிவகுப்பு, இடையிடையே விளையாட்டுப் போட்டிகள். நாகர்கோவில் தியேட்டர்களில் பெஞ்சு டிக்கெட்டில் அமர்ந்திருந்தவர்களும் அவற்றைப் பார்த்தார்கள், அல்லது அந்த நேரத்தில் வெளியே போய் கடலை வாங்கினார்கள். பிரிட்டனின் படம் பார்வையாளனைக் கேட்டது. நம் படம் அவனுக்குச் சொன்னது. நாடே எல்லாவற்றையும் செய்யும், நீ கைதட்டு என்பது அதன் உள்ளுறை. ஆனால் நாடு எல்லாவற்றையும் செய்யவில்லை. 1952 ஹெல்சிங்கிக்குப் போக மல்யுத்த வீரர் காசாபா ஜாதவ் ஊரார் தந்த பணத்தோடு, தன் கல்லூரி முதல்வர் வீட்டை அடகு வைத்துத் தந்த தொகையையும் கொண்டுபோய்த்தான் வெண்கலம் வென்றார். 1983இல் கிரிக்கெட் உலகக் கோப்பையோடு வந்தவர்களுக்குக் கொடுக்க வாரியத்திடம் பணமில்லை. லதா மங்கேஷ்கர் டில்லியில் பாடித் திரட்டினார். நெகிழ்ச்சியான கதைகள். இரண்டிலும் நாம் கொடுத்தது வீரனுக்கு. வெல்லக்கூடியவனுக்கும் வென்றவனுக்கும் கொடுக்க நமக்கு மனம் வருகிறது. ஒருபோதும் எதையும் வெல்லப் போகாத, மாலையில் ஒரு மணி நேரம் ஓட மட்டும் விரும்புகிற பிள்ளைக்குக் கொடுக்கத்தான் வருவதில்லை. பிரிட்டனின் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் கேட்டது முழுக்க முழுக்க அந்தப் பிள்ளைக்காக.

அப்படியானால் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் எங்கே ஆடினார்கள்? இரவல் நிலத்தில். கும்பப்பூ அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வயல் காய்ந்து கிடக்கும் வாரங்களில் தாள் குத்தும் கால்களோடு ஆடினார்கள். கன்னிப்பூவுக்கு உழவு தொடங்கியதும் திடல் மறைந்தது. நீர் வற்றிய குளத்துக்குள் ஆடினார்கள்; மழை வந்ததும் ஏறினார்கள். கோயில் முற்றத்தில் கிளித்தட்டு, தேவாலய வளாகத்தில் கைப்பந்து, தென்னந்தோப்பில் சடுகுடு. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம், திருவிதாங்கூரில் 1945இல் பி. என். பணிக்கர் முன்னின்று அமைத்த கிரந்தசாலைச் சங்கத்தின் பாதிப்பில் வாசகசாலைகளும், அவற்றை ஒட்டி இளைஞர் மன்றங்களும் வளர்ந்தன. இரவுச் சுடரில் நடந்த, அணிக்கு ஏழு பேர் ஆடும் ‘செவன்ஸ்’ கால்பந்துக்கு ஓலை மறைப்புக் கட்டி டிக்கெட் விற்றார்கள். மறைந்த தகப்பனின் பெயரில் சுழற்கோப்பை தருவதற்கு எப்போதும் ஒருவர் முன்வந்தார். சில மன்றங்கள் தியேட்டரில் ஒரு காட்சியை மொத்தமாகப் பேசி எடுத்து, டிக்கெட்டைத் தாங்களே விற்று, மிச்சத்தைக் கட்டட நிதியில் சேர்த்தன. கட்டடம் வந்தது. கோப்பைகள் அலமாரியில் நிறைந்தன. நிலம் யாருடையது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே இருந்தது, ஏனென்றால் அன்று யாரும் அதை மறிக்கவில்லை.

கடற்கரையின் கதை இன்னும் செறிவானது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று நீளும் ஆழ்கடல் மீனவர் ஊர்களில் பந்து மணலிலேயே பிறந்தது. இந்தியன் சூப்பர் லீக் வரை சென்ற மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையின் பிள்ளை. கடலுக்குப் போகும் கால்கள்தான் கரையில் ஆடுகின்றன. ஊரின் ஆட்டத்தைத் தாங்குவதும் அந்தப் படகுகளின் சம்பாத்தியமே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்த ஊர்களின் ஆண்களை வாரிக்கொண்டு போனபோது, கோப்பைக்கு ஆடிய கால்களும் அதில் போயின. கடல் எடுத்தது மனிதரை மட்டுமல்ல. அரிப்பில் மணல் ஒடுங்கி, தடுப்புச் சுவரின் கற்கள் வீட்டு வாசல்வரை ஏறிய ஊர்களில், ஊர் தானாகவே தந்துகொண்டிருந்த திடல் இல்லை. பிரிட்டனின் குண்டு செய்ததை இங்கே அலை செய்தது. ஆனால் இதைப் படமெடுத்து எந்த இருட்டிலும் யாரும் சில்லறை கேட்கவில்லை.

உள்நாட்டில் அலை வேறு உருவில் வந்தது. வயல்கள் மனையாயின; குளங்கள் சுருங்கின; பள்ளிகள் சுற்றுச்சுவர் எழுப்பி மாலையில் பூட்டுப் போட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி குமரி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூற்றுக்கும் அதிகம். அந்தப் பழைய பிரிட்டிஷ் அளவுகோலை இங்கே வைத்தால் குமரி மாவட்டத்துக்கு 11,000 ஏக்கருக்கு மேல் திறந்தவெளி வேண்டும். மாவட்டப் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குகூட அல்ல அது. நாகர்கோவிலில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரித் திடல் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே அந்த எண்ணை நெருங்க முடியாது.

பிரிட்டனைப் போற்றிப் பாடவும் தேவையில்லை. தொலைக்காட்சி வந்ததும் தியேட்டர் இருட்டு காலியானது; 1946இல் 163 கோடியாக இருந்தது 1960இல் ஏறத்தாழ 50 கோடியாகச் சரிந்தது. டப்பா நீட்ட வரிசைகள் இல்லை. 1980களில் பள்ளித் திடல்கள் பெருமளவில் விற்பனைக்குப் போயின. 1994இல் தேசிய லாட்டரி வந்து, விளையாட்டுக்கான பணத்தைச் சூதாட்டக்காரரின் கனவிலிருந்து எடுக்கத் தொடங்கியது. (நாம் அந்த வழியை 1968இலேயே அரசு லாட்டரியாகக் கண்டு, 2003இல் மூடியவர்கள்.) எலிசபெத் அரசியின் 2012 வைரவிழாவை ஒட்டி, அதே சங்கம் வேறு பெயரில் அதே வேண்டுகோளை மறுபடி விடுத்தது: திடல்களைக் காத்துத் தாருங்கள். எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து, தாத்தாவின் பெயருக்குப் பதில் பேத்தியின் பெயர். கேட்பது ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தொடங்க வேண்டிய வேலை என்பதிலிருந்து அந்தத் தீவும் தப்பவில்லை. ஆனால் பத்திரத்தால் பூட்டிய நிலங்கள் பெரும்பாலும் தப்பின, பூட்டாதவைதான் போயின. படங்கள் மறந்துபோயின, நடித்தவர்கள் மறைந்தார்கள், சில்லறை நாணயங்களே வழக்கொழிந்தன. சிங்கமும் குதிரையும் நிற்கும் வாசல்கள் வழியாகப் பிள்ளைகள் இன்றும் உள்ளே போகிறார்கள்.

நம்மிடமும் மறுபடி கேட்கும் காலம் வந்திருக்கிறது. 2023இல் மாநில அரசு தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை பெறுகிறது, பெரும்பாலும் வீரர்களுக்காக. ஊர் மன்றத்து இளைஞர்கள் கைப்பேசியில் ஒரு நிமிடப் படம் எடுத்து, மேலிருந்து டிரோன் பார்க்கும் திடல், பின்னணி இசை, ஓரத்தில் கியூஆர் கோடு என்று வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் அனுப்புகிறார்கள். ஜெர்சி வருகிறது, விளக்கு வருகிறது, பரிசுத்தொகை வருகிறது. அந்தப் படங்களைப் பார்க்கும்போது டேனியலின் எண்ணம் நூறாண்டு தாமதமாக ஊர் திரும்பியிருப்பதாகத் தோன்றும். ஆனால் டிரோன் காட்டும் அந்த நிலம் பலவிடங்களில் இன்னும் யாரோ ஒருவருடைய தோப்பு, யாரோ ஒருவருடைய தரிசு, அல்லது நாளை வேறு கட்டடம் வரக்கூடிய புறம்போக்கு. விளக்குக்கம்பம் நட்ட பிறகு உரிமையாளரின் பேரன் வந்து வேலி கட்டுவான். அவன் மேல் குற்றமும் இல்லை.

குமரி தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1ஆம் நாள், தமிழ்நாட்டில் இப்போது உள்ளாட்சி நாளும்கூட. அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. இந்த ஆண்டு அந்தச் சபைக்குப் போகிறவர்கள், கோப்பைக்கும் ஜெர்சிக்கும் வரி பிரிப்பதற்கு முன், தங்கள் பிள்ளைகள் ஆடும் நிலத்தின் சர்வே எண் என்ன, அது வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் யார் பெயரில், என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். புறம்போக்கானால் விளையாட்டுத் திடல் என்று வகைப்படுத்தத் தீர்மானம் போடுங்கள். தனியார் நிலமானால், அடுத்த முறை திரட்டும் பணம் அதை வாங்கி அறக்கட்டளைப் பத்திரம் எழுதுவதற்கே போகட்டும்.